முப்பதுக்கு ஒன்று

ஒரு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. அதுவரை கொல்லைக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் பனி அளக்கிற பலகையைப் பார்ப்பேன், பார்த்தால் அளக்கத் தோன்றும், அளந்தால் துடைக்கத் தோன்றும். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் பலகையைத் துடைத்து அளந்தால் அதற்குப் பேர் அளவு இல்லை, ஏமாற்று. விழுந்த பனி விழுந்தபடியே நிற்காது, தன் பாரத்தில் தானே கொஞ்சம் உட்காரும், அந்த உட்காருதலையும் சேர்த்துத்தான் அளவு. மணிக்கு ஒரு தடவை துடைத்துத் துடைத்துக் கூட்டினால் எந்தத் தூறல் பனியையும் சரித்திரம் ஆக்கிவிடலாம். டெலிவிஷனில் தொப்பி மாட்டிக்கொண்டு முழங்கால் பனியில் நின்று கத்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டல். பத்தொன்பது வருஷமாக காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு என்று ஒழுங்காகப் போய் வெள்ளைப் பலகையில் ஸ்கேலைச் செருகிப் பத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை படித்து வானிலை அலுவலகத்துக்கு எழுதி அனுப்புகிறவனுக்கு, தபாலில் ஒரு சான்றிதழ். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாளாக ஏரிப்பக்கமிருந்து காற்று குறுக்கே அடித்து, எதிர்வீடு, விளக்குக் கம்பம், நம்முடைய காரே கூட இல்லாமல் போய்விட்டது. அமெரிக்காவில் பஃபலோவுக்குத் தெற்கே இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் என் மனைவி மரகதத்தின் அக்கா கும்பகோணத்திலிருந்து போனில் சொன்னாள், பனியா, அவரைத் தலையில துண்டு கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு, காதுல பனி இறங்கிடப் போவுதுன்னு. நாங்கள் அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம். பனி என்று ஒரே வார்த்தைதான் நம்மிடம் இருக்கிறது, புல் நுனியில் நிற்பதற்கும் அதுதான், வாசல் கதவைப் புதைப்பதற்கும் அதுதான். உள்ளறை நாற்காலியில் மரகதம் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நேற்றிலிருந்து நாற்காலியிலேயே தூங்குகிறாள். வியாழக்கிழமை டயாலிசிஸ் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. இன்று சனி. இன்றும் முறை, இன்றும் சாலை மூடியிருக்கிறது.

நடக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு சௌகரியம். மழை பெய்யவில்லை, பஸ் வரவில்லை என்கிற மாதிரி. புதன்கிழமை காலையில் டயாலிசிஸ் மையத்திலிருந்து டெனிஸ் கூப்பிட்டாள், நர்ஸ், ஏழு வருஷமாக மரகதத்துக்கு ஊசி குத்துகிறவள். புயல் வருகிறதாம், வியாழக்கிழமைக்காரர்களில் சிலரை இன்றைக்கே முடித்து அனுப்புகிறோம், ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, உடனே கிளம்பினால் போதும் என்றாள். போனை வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேன். நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன் டெனிஸ் என்றேன். பனிமேகப் பட்டை வடக்கே போய்விடும், நமக்கு எட்டு அங்குலம், மிஞ்சினால் பத்து என்றேன். எட்டு அங்குலம். ஏதோ நான்தான் மேலிருந்து கொட்டுகிறவன் மாதிரி. மரகதம் சமையலறையிலிருந்து, போயிட்டு வந்துடலாமேங்க, எனக்கு ஒண்ணும் சிரமமில்ல என்றாள். உனக்கென்ன தெரியும் என்றேன். அதையும் சொன்னேன், தமிழில், டெனிஸுக்குப் புரியாது என்கிற தைரியத்தில். புதன் ராத்திரி பட்டை வடக்கே போகவில்லை. எங்கள் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்று காலை ஏழு மணி வரை ஐம்பத்து நாலு அங்குலம், பலகையில், முறையாக. இந்த ஊரில் நான் அளந்ததிலேயே பெரியது. வெட்கமில்லாமல் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன், சந்தேகத்தினால் இல்லை.

அந்த சந்தோஷத்தில்தான் பன்னிரண்டு மணிக்கு வானிலை அலுவலகத்துப் பெண் போனில் கூப்பிட்டு மண் அள்ளிப் போட்டாள். மிஸ்டர் நயாகம் என்றாள், தில்லைநாயகம் என்பதை அவர்கள் அப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பனி ஆழம் எல்லோரோடும் பொருந்துகிறது, தண்ணீர்தான் பொருந்தவில்லை. சுற்றி இருக்கிற ஆறு இடத்திலும் பதினைந்து அங்குலப் பனியை உருக்கினால் ஒரு அங்குலத் தண்ணீர் வருகிறது, உங்களுக்கு மட்டும் முப்பதுக்கு ஒன்று. மூன்று நாளும் அப்படியே. உங்கள் டின் ஒழுகுகிறதா. ஒழுகுகிறதா என்று கேட்டாள். எட்டு அங்குல வாய் கொண்ட உலோக டின், பலகைப் பனியில் கவிழ்த்து அழுத்தி, அடியில் தகடு கொடுத்து நிமிர்த்தி உள்ளே கொண்டுவந்து, குளியலறை வெந்நீர்க்குழாய்ப் பக்கம் வைத்து, மேலே தட்டு மூடி, தானாக உருக விட்டு, மெல்லிய குழாயில் ஊற்றி அளக்கிறேன். பத்தொன்பது வருஷம். மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷ வேலை வேறு. ஒழுகுகிறதாம். என் பனி உலர்ந்த பனி என்றேன், ஏரியிலிருந்து நேராக வருகிறது, இங்கே இப்படித்தான் என்றேன். மறுபடி எட்டு அங்குலம் சொன்ன அதே குரல். எனக்கே கேட்டது. ஒழுகினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒவ்வொரு தடவையும் துல்லியமாக முப்பதுக்கு ஒன்று வருகிறதென்றால் அது ஒழுகல் இல்லை, அது உண்மை. வேறென்னவாக இருக்க முடியும். அவர்கள் ஆறு பேரும் வாசல்படியில் காற்று குவித்த பனியை வெட்டி உருக்கியிருப்பார்கள். உச்சரிக்க முடியாத பெயர்க்காரன் சொல்கிற எண் என்றால் முதலில் டின்னைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் நானும் ஒருத்தியுடைய எண்ணை இப்படித்தான் சந்தேகப்பட்டேன், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வரும். ஆரம்பத்தில் ஒரு மணி அளவை எடுத்தவள் மரகதம். நான் வேலையில் இருப்பேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் அளந்து எனக்குப் போன் செய்வாள். லாபம் புள்ளி நாலு என்பாள். ஒன்று என்று அவள் வாயில் வராது. அவள் அப்பா நெல் மண்டியில் மரக்கால் பிடித்தவர், முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்று தொடங்கி இரண்டு மூன்று என்று போவார்கள், அது இவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மாடிப்படி எண்ணினாலும் லாபம், மாத்திரை எண்ணினாலும் லாபம். ஒரு நாள் நான் இடத்தில் இல்லை, பக்கத்து மேஜைக்காரன் போனை எடுத்து, உன் மனைவி ஏதோ லேபம் என்கிறாள், உடம்பு சரியில்லையா என்று ஊரைக் கூட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து கத்தினேன். இது விஞ்ஞானம், உங்கப்பா மண்டியில்லை என்றேன். அவள் மறுநாளும் லாபம் புள்ளி இரண்டு என்றாள். அவள் எடுத்த அளவுகளில் ஒன்று கூடத் தப்பில்லை. அது எனக்குத் தெரியும், அவள் பின்னாலேயே போய் ரகசியமாகச் சரிபார்த்திருக்கிறேன், சனி ஞாயிறுகளில். ஓய்வு பெற்ற அன்றைக்கு, இனிமே நானே பாத்துக்கறேன் என்று ஸ்கேலை வாங்கிக்கொண்டேன். பத்து வருஷச் சான்றிதழ் வந்தபோது அதில் ஒரு பெயர்தான் இருந்தது. கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அவள்தான் தூசி தட்டுகிறாள்.

இப்போது அவளுக்கும் அளவு வைத்திருக்கிறேன். டெனிஸ் வியாழக்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டாள், சிறுநீரகம் வெளியே தள்ளாது, இயந்திரமும் இல்லை, குடிப்பதெல்லாம் உள்ளேதான் நிற்கும், காலில் நிற்கும், பிறகு நெஞ்சில் ஏறும், எனவே நாளைக்குச் சின்ன டம்ளரில் மூன்றே மூன்று. நானே ஊற்றிக் கொடுக்கிறேன். அவள் வாங்கிக்கொண்டு லாபம் என்பாள், சாயங்காலம் ரெண்டு, ராத்திரி மூணு. மூன்று முடிந்ததும் டம்ளரைக் கவிழ்த்து நாக்கை நீட்டிக் கடைசிச் சொட்டு விழக் காத்திருப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். காலையில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று குளியலறையிலிருந்து, அதேதாங்க, மாறல என்பாள். நான் எழுதிக்கொள்வேன். பக்கத்து ஊர்க்காரன் சொல்கிற பனியை நம்ப மாட்டேன், டெலிவிஷன் சொல்கிறதை நம்ப மாட்டேன், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற எடையை அப்படியே எழுதிக்கொள்வேன். எழுதிக்கொண்டேன். ஏன். எழுந்து போய்ப் பார்க்க ஆறு எட்டு வைத்தால் போதும். மாறவில்லை என்பது எனக்கு வேண்டிய எண்ணாக இருந்தது, அதனால்தான். மாறவில்லையென்றால் புதன்கிழமை நான் சொன்னது அவ்வளவு பெரிய தப்பில்லை.

மணி பன்னிரண்டு இருபது. ஒழுகவில்லை என்று நிரூபித்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் யோசனை. காலை ஏழு மணிப் பனியை அளந்து முடித்தாகிவிட்டது, டின் காலி. குளியலறைக்குப் போய் அதில் குழாய்த் தண்ணீர் பிடித்து, விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே பென்சிலால் கோடு போட்டு, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தேன். கால் மணி நேரம் பார்க்க வேண்டும். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் காற்று விசில் அடித்தது. செய்தித்தாளில் ஈரமில்லை. ஐந்து நிமிடம், ஈரமில்லை. பெருமைதான் பட்டேன். எட்டு நிமிடம். துண்டு எடுக்கலாமென்று கை கழுவும் தொட்டிக்குக் கீழ் அலமாரியைத் திறந்தேன், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. எடுத்தேன். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் ஒன்று, ம. மரகதம் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. சமையலறையில் இருக்க வேண்டியது. உள்பக்கம் ஈரமாக இருந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் என்னுடைய அளவுக்குழாயின் பழைய புனல், நான் ஒதுக்கிப்போட்டது. செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது. கோடு கோட்டிலேயே இருந்தது. முப்பதுக்கு ஒன்று. மற்றவர்களுக்குப் பதினைந்து. பாதி. எங்கோ போன பாதி. எனக்குப் புரிந்தது, புரிந்ததும் நான் முதலில் நினைத்தது அவளை இல்லை. மூன்று நாள் கணக்கு நாசமாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் நினைத்தேன்.

டம்ளரோடு போய் அவள் முன்னால் நின்றேன். கண்ணைத் திறந்தாள். டம்ளரைப் பார்த்தாள். முகம் ஊதியிருந்தது, காலையில் தூக்கமில்லாத முகம் என்று நான் பெயர் வைத்த முகம்.

"எத்தனை நாளா?"

"வியாழக்கிழமை காலையிலேர்ந்து." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நாக்கு உள்ள ஒட்டிக்குதுங்க. நீங்க கொண்டாந்து வச்சிட்டுப் போறீங்க, அது உருகிச் சொட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"மூணு டம்ளர்னு சொல்லியிருக்காளே மரகதம். லாபம், ரெண்டு, மூணுன்னு நீதானே எண்ணுன."

"இது அந்தக் கணக்குல சேராது. நீங்க குடுத்தது இல்லையே."

"எடை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் அதும் மேல ஏறவே இல்ல."

கத்த வேண்டும் என்று வந்தவன். வாய் வரை வந்தது. எவ்வளவு குடிச்ச, கொஞ்சமாவது நினைவிருக்கா என்று கேட்டேன், அது கத்தல் மாதிரியும் வரவில்லை.

"சரிபாதி," என்றாள். "ஒவ்வொரு தடவையும் உங்க குழாயில ஊத்திப் பாத்து, சரிபாதிதான் எடுத்தேன். ஒருநா கூடவும் ஒருநா கொறையவும் ஆச்சுன்னா உங்க கணக்கு கோணிப்போயிடும்ல. ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். ரெண்டால பெருக்கிக்கிட்டீங்கன்னா எல்லாம் சரியா வந்துடும். தப்பா அளக்கல நான்."

தப்பாக அளக்கவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு, மூச்சு முட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒளித்து வைத்த புனலை எடுத்து, ஊற்றி, பார்த்து, என் தாளில் தண்ணீர்ப் பத்திக்குக் கோணல் வராதபடி பாதியை மீதி வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் இந்த மூன்று நாளில் சரியாக அளந்தது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் சுற்றி வந்து கடைசியில் புதன்கிழமைக் காலையில் போய் நின்றது. எட்டு அங்குலம். மிஞ்சினால் பத்து. ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

டெனிஸைக் கூப்பிட்டேன். ஆறாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள். மையத்துக்கு வர முடியாதவர்களைத் தீயணைப்புத் துறையின் பனி வண்டி ஒவ்வொருவராக எடுத்து வருகிறது, மொத்தம் ஒரே வண்டி, யார் மோசமோ அவர்கள் முதலில். நேற்று ராத்திரி மரகதத்தைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் எடை மாறவில்லை என்றீர்கள், அதனால் கடைசியில் போட்டிருக்கிறேன் என்றாள். கடைசியில் என்றால்? நாளைக்கு, ஒருவேளை. நான் சொன்ன எண் தப்பு என்றேன். இதை ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னேன், கேட்கவில்லை என்றாள், மறுபடி சொன்னேன், நான் சொன்ன எண் தப்பு. புதன்கிழமை சொன்னதும். டின்னில் உருகிய தண்ணீரை மரகதம் ஒளித்துக் குடித்திருக்கிறாள் என்றேன். டெனிஸ் புதன்கிழமையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அது அவள் குணம், பேசியிருந்தால் தேவலை. கூடுதலாக எவ்வளவு குடித்திருப்பார், உத்தேசமாக என்று கேட்டாள். உத்தேசமெல்லாம் வேண்டாம், என்னிடம் இருக்கிறது என்று மேஜையிலிருந்து தாளை எடுத்தேன். தண்ணீர் என்கிற பத்தி. டின்னில் மீதியிருந்ததை எழுதியிருக்கிறேன், மீதி பாதி, குடித்ததும் பாதி, ஆகவே அந்தப் பத்தியில் இருப்பது அப்படியே அவள் குடித்த கணக்கு. வியாழன் காலை புள்ளி இருபது, மதியம் புள்ளி முப்பது, மாலை புள்ளி இருபத்தேழு என்று படித்தேன். இந்தப் பத்தியை நான் யாருக்கும் இவ்வளவு நிறுத்தி நிறுத்திப் படித்ததில்லை. இன்று காலை புள்ளி இருபது வரை ஏழு தடவை. மொத்தம் ஒன்று புள்ளி எட்டு அங்குலம், எட்டு அங்குல டின்னில். அது எவ்வளவு என்றாள் டெனிஸ். ஒன்றரை லிட்டர் என்றேன். மரகதத்தின் டம்ளரில் பத்து. போனில் கொஞ்ச நேரம் அவள் எழுதுகிற சத்தம் கேட்டது.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீக்கம் என்றேன். அப்படிச் சொன்னால் போதாது, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்துங்கள், எடுத்துவிட்டுக் குழி மூட எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் வண்டிக்காரர்களிடம் நான் பேச முடியும். மணி ஒன்று ஐந்து. வெளியே பலகையில் ஒரு மணிப் பனி விழுந்து கிடக்கிறது, மேலே விழுந்துகொண்டும் இருக்கிறது. அளக்காமல் விட்டால் ஆங்கில எம் எழுத்தைப் போட வேண்டும், காணவில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் என் தாளில் அந்த எழுத்து விழுந்ததில்லை.

"மணி ஒண்ணாயிடுச்சே," என்றாள் மரகதம். "போயிட்டு வந்துடுங்க. நான் எங்க போகப் போறேன்."

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். காலா இது, தோல் கண்ணாடி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. எப்போதிலிருந்து புதைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று, நகம் மறைகிற வரை போயிற்று. வலிக்குதா என்றேன். இல்ல என்றாள். விரலை எடுத்தேன். குழி அப்படியே இருந்தது. டெனிஸ் காத்திருந்தாள். எண்ண ஆரம்பித்தேன், வாய்விட்டு.

"லாபம்," என்றேன். "ரெண்டு. மூணு."

மரகதம் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் குழியையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். இருபத்து மூன்று வரை எண்ணியும் அது மூடவில்லை.